மானியம் தீர்ந்த பிறகு பாத்தியை யார் பார்ப்பது? மலாவியும் சுங்கை சிப்புட்டும்

கீரைப்பாத்தி (சுங்கை சிப்புட், பேராக்), ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நீளமான பதிவு இது. கோப்பி கலக்கிக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

என் தங்கை மகள் மூன்று வருடம் மலாவியில் வேலை பார்த்தாள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்குக்கும் சாம்பியாவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன நாடு. சிறு விவசாயிகளுக்கு நல்ல நிலக்கடலை விதை கிடைக்கச் செய்கிற திட்டம் அவளுடையது. பணம் அமெரிக்க அரசு கொடுத்தது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்கும் உத்தரவு வாஷிங்டனில் கையெழுத்தானது. சில நாளில் இவள் அலுவலகத்துக்கு 'வேலையை நிறுத்துங்கள்' என்று கடிதம் வந்துவிட்டது. ஜனவரி அங்கே நடு மழைக்காலம். கடலை பூத்து நிற்கிறது. ஊருக்குள் போய்ப் பார்க்க வண்டிக்கு எண்ணெய் போடக்கூட அனுமதி இல்லை. விவசாயிகள் கூப்பிட்டு 'விதையை எடுத்துக்கொள்ள எப்போது வருவீர்கள்' என்று கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதிருக்கிறாள். 1961-ல் கென்னடி தொடங்கிய அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு யு.எஸ்.எய்ட், 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு தனி அமைப்பாக இயங்குவதே முடிந்தது. மிச்சம் இருந்த வேலைகள் அமெரிக்க வெளியுறவு அமைச்சுக்குள் போய்விட்டன.

ஊருக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் மாலை எங்கள் பாத்திக்கு வந்தாள்.

எங்கள் பாத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருப்பவர்களில் பாதிப்பேர் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் உடைபட்டு, இங்கே வந்து சேர்ந்தோம். மின்கோபுர வரிசைக்கு அடியில் காலியாக இருக்கும் நிலத்தில் (ரெந்திஸ் என்போம்) பதினொரு குடும்பம் காய்கறி போடுகிறோம். நான்கு வருடத்துக்கு முன் ஒரு அரசுத் துறை எங்களுக்கு மானியம் கொடுத்தது. மிளகாய்க்கு ஃபெர்டிகாசி, அதாவது தண்ணீரோடு உரத்தையும் குழாயில் விடும் முறை: பாலிதீன் பை, தேங்காய்நார்த் தூள், சொட்டுக் குழாய், தண்ணீர்த் தொட்டி, பம்ப். இரண்டு நாள் பயிற்சி, சாப்பாட்டோடு. முதல் வருடம் மிளகாய் நன்றாக வந்தது, படம் எடுத்தார்கள். இரண்டாம் வருடம் பம்ப் எரிந்தது. அறுநூற்று ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) செலவு. போன் பண்ணினால், அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், திட்டக் கணக்கு மூடியாகிவிட்டது என்றார்கள். மூன்றாம் வருடம் நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். பேசித் தள்ளி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இப்போது மண்ணிலேயே பயத்தங்காய், பாகற்காய், பாயாம் கீரை என்று போட்டு ஓட்டுகிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, பேரை மட்டும் மாத்திட்டா என் ரிப்போர்ட்டும் உங்க ரிப்போர்ட்டும் ஒன்னுதான்."

அன்றைக்கு இருந்து எனக்கு ஒரே யோசனை. உணவுக்காக ஒரு அரசாங்கம் கொடுக்கிற மானியம், மலாவியில் என்றாலும் இங்கே என்றாலும், விதை வாங்கும், குழாய் வாங்கும், பயிற்சிக்கு வந்த தலையை எண்ணும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காது. விளைந்ததை யார் வாங்குவார் என்று கேட்காது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் பணம் போட்டால், பணம் தீர்ந்த வருடமே பாத்தி காய்கிறது. இது என் கருத்து. தப்பு என்றால் சொல்லுங்கள்.

---

செம்பனை லோரி (தைப்பிங்), ஞாயிறு இரவு 9.47

அண்ணே, மருமகள் வேலை போனது வருத்தமாக இருக்கிறது. ஆனால் நான் நேராகக் கேட்கிறேன். 2023 செப்டம்பரில் நம் ஊரிலேயே உள்நாட்டு வெள்ளை அரிசி கடையில் இல்லாமல் போனது. நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். இந்தியா அந்த ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது; டிசம்பரில் வெங்காயத்தையும் நிறுத்தியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் சமைக்கிற பருப்பு, வெங்காயம், பூண்டு எல்லாமே வெளியிலிருந்து வருவதுதான். இந்த நிலையில் இருக்கிற நாம் ஆப்பிரிக்காவைப் பற்றி எதற்குக் கவலைப்பட வேண்டும்? முதலில் நம் வீட்டு அடுப்பு.

---

கீரைப்பாத்தி, ஞாயிறு இரவு 10.05

தம்பி, நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. இந்தியாவில் மழை பொய்த்தால் தைப்பிங்கில் வெங்காயம் ஏறுகிறது. விளைவிக்கிற நாடு எதுவானாலும் அங்கே சிறு விவசாயி நின்றுபோனால், இறக்குமதி செய்து சாப்பிடுகிற நமக்கு அடி விழும். உலகத்தில் 2024-ல் பசியோடு இருந்தவர்கள் 67 கோடிப் பேருக்கு மேல் என்று ஐ.நா. அமைப்புகள் சொல்கின்றன. அவர்கள் அடுப்பும் நம் அடுப்பும் ஒரே சந்தையில்தான் அரிசி வாங்குகின்றன.

---

ஓய்வு வாத்தியார் (சுங்கை சிப்புட்), திங்கள் காலை 6.30

இருவரும் நல்ல கேள்வி எழுப்பியிருக்கிறீர்கள். பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சொல். 'உணவுப் பாதுகாப்பு' என்று எழுதினால், கெட்டுப்போகாத சாப்பாடு என்று பாதிப்பேர் நினைத்துக்கொள்கிறார்கள். நாம் பேசுவது, நாளைக்கும் சோறு உண்டு என்ற உத்தரவாதத்தைப் பற்றி. அதனால் நான் உணவு உத்தரவாதம் என்றே எழுதுவேன். மானியம் என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. அரிசி விலையை இறக்கக் கொடுப்பதும் மானியம், திட்டம் நடத்தத் திருப்பிக் கேட்காமல் கொடுப்பதும் மானியம். இங்கே பேசுவது இரண்டாவது.

தோட்டத்தில் என் பாட்டி காலத்தில் யாரும் இந்தச் சொற்களைச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, ஒரு கொட்டகையில் இரண்டு மாடு. பெரட்டுக்குப் (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய்விட்டு வந்து, ரப்பர் பால் எடுத்துக் கொட்டிவிட்டு, மாலையில் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தவர்கள் அவர்கள். மண் துண்டு கையில் இருந்தவன் பிழைத்தான் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த மண் நமக்குச் சொந்தமில்லை, துரையுடையது. ஆனாலும் யாரும் விரட்டவில்லை.

விரட்டியது பிறகு. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே வாங்கினார்கள். அது பிறர் கொடுத்த பணமல்ல, அவர்கள் கைக்காசு. போய்ச் சேர்ந்த இடம் நிலம். கீரைப்பாத்தி சொல்கிற 'நிலம் யார் பெயரில்' என்ற கேள்வியை அறுபது வருடத்துக்கு முன்பே இந்த ஊர் கேட்டிருக்கிறது.

இன்னொன்று. அமெரிக்கா கொடுத்தது எல்லாமே நிலக்கடலை விதை போல நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 1954-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல்.480 என்ற சட்டம் முதலில் அவர்கள் நாட்டு உபரி தானியத்தைத் தள்ளுவதற்குப் பிறந்தது. 1965, 66 வறட்சியில் இந்தியா அந்தக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாளை எண்ணியது. உயிர் காத்தது உண்மை. கப்பல் எப்போது வரும் என்பதை வாஷிங்டன் தீர்மானித்தது என்பதும் உண்மை. அந்த அவமானம்தான் இந்தியாவைச் சொந்த விதைக்கும் சொந்தக் கொள்முதலுக்கும் வேகமாகத் தள்ளியது.

---

கணக்குப் புத்தகம் (ஈப்போ), திங்கள் மதியம் 1.20

நான் தணிக்கை வேலை செய்கிறவள். தொண்டு அமைப்புகளின் கணக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்க உணவு உதவியில் ஒரு பழைய விதி உண்டு. அனுப்பும் தானியத்தில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும். அந்தக் கப்பல் கூலி அதிகம். ஆக, பசித்தவனுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு கடலிலேயே தீர்ந்துவிடும். பக்கத்து மாவட்டத்தில் விளைந்த சோளத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்த ஊர் விவசாயிக்கும் பிழைப்பு, பசித்தவனுக்கும் சாப்பாடு.

திட்ட மானியத்தில் வேறு கதை. பெரிய ஒப்பந்தங்களை வாஷிங்டனைச் சுற்றி இருக்கும் பெரிய நிறுவனங்கள் எடுக்கும். அவை துணை ஒப்பந்தம் கொடுக்கும். கடைசியில் கிராமத்தில் சைக்கிளில் போகிற உள்ளூர் அமைப்புக்கு வருவது கடைசிச் சொட்டு. 2025-க்குள் கால்வாசிப் பணத்தை உள்ளூர் அமைப்புகளுக்கே நேராகக் கொடுப்போம் என்று யு.எஸ்.எய்ட் இலக்கு வைத்தது. கடைசிவரை அதை எட்டவில்லை; 2023-ல் சுமார் 10 விழுக்காடுதான்.

ஏன் என்றால், நேராக வாங்குவதற்கு உள்ளூர் அமைப்பிடம் என்னைப்போல ஒரு கணக்காளர் வேண்டும், தணிக்கை அறிக்கை வேண்டும், வாடகைக்கு அலுவலகம் வேண்டும். அதற்கெல்லாம் எங்கிருந்து காசு? நிர்வாகச் செலவுக்கு இவ்வளவு என்று அரசோடு பேசித் தனி விகிதம் வாங்காத அமைப்புகள், அதற்கென்று 10 விழுக்காடு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க அரசு விதி வருடக்கணக்காக இருந்தது. 2024 அக்டோபரில்தான் அதை 15 ஆக்கினார்கள். நான்கு மாதத்துக்குள் எல்லாம் நின்றுபோனது.

ஐயா, அண்ணே, உங்கள் பம்ப் எரிந்தபோது அறுநூற்று ஐம்பது வெள்ளி ஏன் கிடைக்கவில்லை என்றால், 'பராமரிப்பு' என்ற வரியே அந்த விண்ணப்பத்தில் இருந்திருக்காது. இருந்தால் மதிப்பெண் குறையும் என்று பயந்து எழுத மாட்டார்கள். நான் பார்த்த விண்ணப்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான். பொருள் வாங்கும் வரிகள் தடித்திருக்கும், ஆளுக்கும் பழுதுக்கும் இருக்கும் வரிகள் மெலிந்திருக்கும். வாங்கிய பொருளைப் படம் எடுக்கலாம். பழுது பார்த்ததைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புவது?

---

லயத்துப் பேத்தி (கோலாலம்பூர்), திங்கள் இரவு 8.02

அக்கா, இதைப் படித்தபோது என் தாத்தா தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டாய் ஞாபகம் வந்தது. தொட்டில் இருந்தது, பால்மாவு இருந்தது. ஆயாவுக்குச் சம்பளம் நின்றவுடன் எல்லாம் பூட்டியாகிவிட்டது.

---

கோவை மருமகள் (கோலகங்சார்), திங்கள் இரவு 8.40

நான் கோயம்புத்தூரில் பிறந்து இங்கே வாழ வந்தவள். நடந்த ஒரு நல்ல கதையைச் சொல்லட்டுமா? எல்லாம் தோற்றுப்போனது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

கனடா அரசு 2009-லிருந்து 2018 வரை அனைத்துலக உணவு உத்தரவாத ஆய்வு நிதி என்று ஒன்றை நடத்தியது. 124 மில்லியன் கனடிய டாலர். அவர்களுடைய வளர்ச்சி ஆய்வு மையமும் வெளியுறவுத் துறையும் சேர்ந்து நடத்தின. அதில் ஒரு திட்டம் எங்கள் ஊர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில். கூட்டாளிகள் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனமும். ஹெக்ஸனால் என்று ஒரு பொருள் உண்டு. செடிகளே இயற்கையாக உண்டாக்குவது. பழத்தின் தோல் தளர்ந்து போவதைத் தாமதப்படுத்தும். அதை மாம்பழத்தின் மேல் அறுவடைக்கு முன் தெளிக்கவும், பெட்டிக்குள் மெதுவாக ஆவியாக விடவும் முறை கண்டுபிடித்தார்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் சோதித்தார்கள். மரத்திலேயே பழத்தைக் கொஞ்சம் கூடுதல் நாள் வைத்திருக்கலாம். எல்லாரும் ஒரே வாரத்தில் பறித்துச் சந்தையில் கொட்டி விலையை விழவைக்க வேண்டாம். மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் நாள் என்றால் என்ன என்று என் சித்தப்பாவைக் கேட்டால் தெரியும். லாரிக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்டாமல், 'வேண்டாம், அடுத்த வாரம் வா' என்று சொல்ல முடியும்.

இன்னொரு திட்டம் மதுரை தானம் அறக்கட்டளையோடு, சிறுதானியத்துக்கு. சாமை, வரகு, குதிரைவாலி ஏன் தட்டிலிருந்து போனது என்று கேட்டால் எல்லாரும் ருசி, நாகரிகம் என்பார்கள். உண்மையில் பெரிய காரணம் உமி. நெல்லுக்கு ஊருக்கு ஊர் மில் வந்துவிட்டது. சாமைக்கு வரவில்லை. பெண்கள் உரலில் மணிக்கணக்காகக் குத்த வேண்டும். கை நோகிறது, அரிசி ரேஷனில் கிடைக்கிறது, எதற்குக் குத்த வேண்டும்? அந்தத் திட்டம் உமி நீக்கும் சின்ன இயந்திரத்தில் கவனம் வைத்தது. அதை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்ய வைத்தார்கள். பட்டறைக்காரருக்கு அது வியாபாரம். பழுதானால் ஊரிலேயே ஆள் இருக்கிறது. கனடாவின் பணம் நின்ற பிறகும் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை.

அதனால் அண்ணன் சொன்ன இரண்டு கேள்வியோடு நான் மூன்றாவதாக ஒன்று சேர்ப்பேன்: பழுது பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார்?

---

செம்பனை லோரி, திங்கள் இரவு 9.15

இது எனக்குப் புரிகிறது. லோரி வாங்கும்போது நாங்கள் முதலில் கேட்பதே, ஸ்பேர் பார்ட்ஸ் ஈப்போவில் கிடைக்குமா என்றுதான்.

ஆனாலும் ஒன்று. பணம் கொடுத்துக் கொடுத்து ஆளைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மலாவி அரசாங்கமே தன் மக்களுக்குச் செய்யலாம் அல்லவா? வெளியிலிருந்து எவ்வளவு நாள் கொடுப்பார்கள்?

---

மருமகள் நான்தான் (சுங்கை சிப்புட்), செவ்வாய் காலை 11.08

மாமா என்னைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அம்மா சொல்லித்தான் வந்தேன். எல்லாருக்கும் வணக்கம். லோரி அண்ணாவுக்கு நான் பதில் சொல்கிறேன். அங்கே பார்த்தது எனக்குத் தெரியும்.

மலாவியில் சாப்பாடு என்றால் ன்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. கையால் பிடித்து, கீரைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். முதல் நாள் அந்த வீட்டில் உட்கார்ந்தபோது நம் பாட்டி வீட்டுக் கேழ்வரகுக் களிதான் ஞாபகம் வந்தது. வருடத்துக்கு ஒரே மழை, ஒரே அறுவடை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை, பழைய சோளம் தீர்ந்து புதுச் சோளம் வராத மாதங்கள். அந்த நான்கு மாதம் காலையில் சாப்பிடாமல் வயலுக்குப் போகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். சோம்பேறி என்ற சொல்லை அங்கே யாருக்கும் பொருத்த முடியாது அண்ணா.

அரசாங்கம் செய்யவில்லையா என்றால், செய்தது. 2002-ல் பெரும் பஞ்சம். 2005-ல் அறுவடை மறுபடி பொய்த்தபோது, உரத்துக்கும் விதைக்கும் கூப்பன் கொடுக்க அரசாங்கம் முடிவெடுத்தது. உதவி கொடுக்கும் நாடுகள் பல 'விலையில் தலையிடாதீர்கள்' என்று தடுத்தன. அவர்கள் கேட்கவில்லை, சொந்த பட்ஜெட்டில் போட்டார்கள். மழையும் துணை நின்றது. இரண்டு வருடத்தில் சோளம் மிஞ்சி ஜிம்பாப்வேக்கு விற்றார்கள். பிறகு அந்தத் திட்டத்தில் ஊழலும் வீணும் புகுந்தது. உர விலை ஏறியபோது பட்ஜெட்டை விழுங்கியது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

2003-ல் மபுட்டோவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள், பட்ஜெட்டில் 10 விழுக்காடு விவசாயத்துக்கு என்று உறுதி எடுத்தன. 2014-ல் மலாபோவில் அதையே மறுபடி சொன்னன. எட்டிய நாடுகள் சில, எட்டாதவை பல. கடன் வட்டிக்கே வருமானம் போகிற நாடு எங்கிருந்து பத்து ஒதுக்கும்? அந்த இடைவெளியில்தான் மானியம் வருகிறது. ரோமில் இருக்கும் ஐ.எஃப்.ஏ.டி. என்ற ஐ.நா. நிதி, கடன் சுமை தாங்க முடியாத நாடுகளுக்குக் கடனுக்குப் பதில் மானியமாகவே கொடுக்கிறது. 2010-ல் உலக வங்கியில் தொடங்கிய ஜி.ஏ.எஃப்.எஸ்.பி. என்ற விவசாய நிதி, அந்தந்த நாடே எழுதிய விவசாயத் திட்டத்துக்குப் பணம் போடுகிறது. நான் வேலை பார்த்த மாதிரித் திட்டங்களை விட அது நல்ல வழி என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் திட்டத்தின் வெற்றியை எதை எண்ணி அளப்பது என்பதை வாஷிங்டனில் எழுதினார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை ஹெக்டேரில் புது விதை. கடலை விற்று அந்த அம்மா என்ன வாங்கினார் என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

நின்றுபோனதில் எங்கள் திட்டம் சின்னது. 1985-லிருந்து பஞ்சத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லிவந்த ஃபியூஸ் நெட் என்ற அமைப்பின் இணையத்தளம் அதே ஜனவரியில் இருண்டுபோனது. பிறகு திரும்பி வந்தது. ஆனால் எங்கே மழை பொய்த்தது, எங்கே சந்தை விலை ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த கண், பசி மாதங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. அதற்காக எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

எனக்குப் பிடித்த வழி பிரேசில் செய்தது. 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமே வாங்க வேண்டும் என்று அது சொன்னது. அங்கே விவசாயிக்கு விதையை இலவசமாகக் கொடுப்பதை விட, 'உன் பீன்ஸை நான் வாங்குகிறேன்' என்ற வாக்குறுதி பெரியது. விதையை அவரே வாங்கிக்கொள்வார். உலக உணவுத் திட்டமும் 2008-லிருந்து 20 நாடுகளில் இப்படிச் சிறு விவசாயிகளிடம் வாங்கிப் பார்த்தது.

---

கோவை மருமகள், செவ்வாய் மதியம் 12.30

தங்கச்சி, சத்துணவு என்றவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கி, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்து, இன்று வரை நடப்பது மாநில பட்ஜெட்டில் அதற்கென்று தனி வரி இருப்பதால். திட்டம் முடிந்தது, அறிக்கை கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் அம்மா சத்துணவு சாப்பிட்டுப் படித்தவர்.

---

ஓய்வு வாத்தியார், செவ்வாய் மாலை 5.50

நம் பள்ளிகளில் ஆர்.எம்.டி. உண்டு. வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் காலையில் சாப்பாடு. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அந்தத் தட்டைப் பார்த்திருக்கிறேன். மருமகள் சொன்ன பிரேசில் வழி நமக்கு எட்டாத தூரமா? சுங்கை சிப்புட் சுற்று வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி, தேசியப் பள்ளி, சீனப்பள்ளி என்று எத்தனை கேண்டீன். அவர்களுக்குக் காய்கறி எங்கிருந்து வருகிறது? கேமரன் மலையிலிருந்து லோரியில் வருகிறது, அல்லது மொத்தச் சந்தையிலிருந்து. ரெந்திஸ் நிலத்திலிருந்து பள்ளி இரண்டு கிலோமீட்டர்.

---

கேண்டீன் அக்கா (பேராக்), செவ்வாய் இரவு 9.30

நான் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதவில்லை. பள்ளிக் கேண்டீன் எடுத்து நடத்துகிறேன். வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சின்னப் பாத்திக்காரர்களிடம் நான் முன்பு வாங்கிப் பார்த்தேன். காய் நன்றாக இருந்தது, மொத்தச் சந்தையை விடப் புதுசு. ஒரு வாரம் பத்துக் கிலோ கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் மழை, ஒன்றும் இல்லை. நான் காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவள். ஏழு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். காய் வரவில்லை என்று அப்போது தெரிந்தால் நான் எங்கே ஓடுவேன்? அப்புறம் ரசீது. எனக்குப் பணம் தாமதமாக வரும், கணக்குக் காட்டித்தான் வரும். ரசீது கொடுக்காதவரிடம் வாங்கினால் என் கையிலிருந்து போகும். விலையும் தினத்துக்கு ஒன்று சொன்னால் முடியாது. தட்டுக்கு இவ்வளவு என்று எனக்கு முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

மானியம் கொடுக்கிறவர்கள் இதில் உதவலாம். மிளகாய்க்கு ஃபெர்டிகாசி கொடுத்த பணத்தில், பதினொரு குடும்பத்தில் யார் எந்த வாரம் எதை விதைப்பது என்று ஒரு அட்டவணை போட்டுக் கூடவே இருந்து நடத்த, இரண்டு வருடத்துக்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் நான் இன்றைக்கு உங்களிடம் வாங்கிக்கொண்டிருப்பேன்.

---

கணக்குப் புத்தகம், செவ்வாய் இரவு 9.52

அக்கா சொன்னதுதான் நான் வருடக்கணக்காக அறிக்கையில் எழுத நினைத்து எழுதாதது. ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்கு, ஒரு சின்னக் குழுப் பதிவு, இது மூன்றையும் நான் இலவசமாகச் செய்து தருகிறேன். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம்தான்.

---

கீரைப்பாத்தி, புதன் காலை 6.15

இரவு தூக்கம் வரவில்லை. கேண்டீன் அக்கா, உங்களிடம் கொண்டுவந்து ஏமாற்றியவர்களில் எங்கள் ஆளும் இருந்திருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். யார் வாங்குவார் என்று மானியம் கேட்கவில்லை என்று எழுதினேன். நாங்களும் கேட்கவில்லை. மிளகாய் வந்த வருடம் ஒரே நாளில் பறித்துப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கொட்டி விலையை நாங்களே விழவைத்தோம். கிருஷ்ணகிரி மாம்பழக் கதையைப் படித்தபோது நெஞ்சில் குத்தியது.

இன்று மாலை பதினொரு வீட்டையும் கூட்டுகிறேன். மருமகள் அட்டவணை போட்டுத் தருகிறாள். பயத்தங்காய் விதைத்து ஏறக்குறைய ஐம்பது நாளில் காய்க்கும், அதன் பிறகு சில வாரம் விடாமல் பறிக்கலாம். பத்து நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து விதைத்தால் வாரம் தவறாது என்கிறாள். ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் நான்கு பந்தல் இருக்கிறது, அதில் தொடங்கலாம். நில விஷயத்துக்கு வாத்தியார் ஐயா கூட வந்தால் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் ஏதாவது கேட்டு வாங்கப் பார்க்கிறோம். ஒரு வருட அனுமதியாக இருந்தாலும் பரவாயில்லை, கையில் தாள் வேண்டும்.

---

ஓய்வு வாத்தியார், புதன் காலை 7.02

வருகிறேன். வியாழன் காலை ஒன்பது மணி. பழைய நோட்டீஸையும் படம் பிடித்து எடுத்து வாருங்கள்.

---

செம்பனை லோரி, புதன் காலை 7.40

அண்ணே, எரிந்த அந்த பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தைப்பிங்கில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றுகிற ஒருவரைத் தெரியும். சனிக்கிழமை காலி லோரியோடு அந்தப் பக்கம் வருவேன், எடுத்துக்கொண்டு போகிறேன்.

---

மருமகள் நான்தான், புதன் இரவு 10.20

கூட்டம் முடிந்தது. ஒன்பது வீடு வந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் பழைய மானியத்தில் பட்டதைச் சொல்லி வரவில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் என்னோடு வேலை பார்த்த தோழி இன்னொரு நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இந்த இழையின் சாரத்தை மொழிபெயர்த்து அனுப்பினேன். 'விதை வாங்குதல்' வரியில் பாதியை எடுத்து, ஊர்ப் பள்ளிச் சமையற்கூடத்தோடு கொள்முதல் ஒப்பந்தம் நடத்துகிற ஒரு ஆளுக்கு மாற்றி எழுதப்போகிறாளாம். கேண்டீன் அக்கா சொன்ன அடுப்பு நேரத்தைத்தான் இரண்டு முறை கேட்டாள். அங்கேயும் கஞ்சி வைக்கிற அம்மாக்கள் அதே ஐந்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்கள்.

---

கேண்டீன் அக்கா, புதன் இரவு 10.41

திங்கட்கிழமை ஆறு கிலோ பயத்தங்காய் மட்டும் கொண்டுவாருங்கள், பாயாம் இப்போது வேண்டாம். காலை ஐந்தே முக்காலுக்குள், பின் கேட் வழியாக. ரசீதில் பள்ளி பெயர் வேண்டாம், கேண்டீன் பெயர் போடுங்கள்.